முதல் கை நான்தான் வைப்பேன்

சித்த நகர்ந்து உட்காருங்க, கண்ணு. இந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், கீழே வைக்க முடியாது. உள்ளே பத்திரிகை இருக்கிறது. சாமி படம் போட்ட பத்திரிகை, கால் படக் கூடாது. நீங்கள் எதுவரைக்கும்? அந்தியூரா? அப்படியென்றால் வெள்ளியம்பாளையம் பிரிவு வந்தால் எனக்குச் சொல்லிவிடுங்க. கண்டக்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் அவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினேழு நாள். சண்டையெல்லாம் கிடையாது. நாற்பத்தைந்து வருஷத்தில் எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. நான் வாயைத் திறந்தால்தானே வரும். எதுவாக இருந்தாலும் சாமியிடம் சொல்லிவிட்டு இருந்துகொள்வேன். அது என் சுபாவம்.

வருகிற பதினெட்டாம் தேதி அவருக்கு எழுபது முடிகிறது. பீமரத சாந்தி. திருக்கடையூரில் ஐயரிடம் பேசி, சத்திரம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. என் கழுத்தில் மறுபடியும் தாலி கட்ட வேண்டிய மனுஷர், இங்கே ஒருத்தி ஷெட்டுக்கு முன்னால் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். அவர் தங்கச்சி வீடு அந்த ஊரிலேயே இருக்கிறது, ராத்திரி அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறார். பகலெல்லாம் ஷெட்டுதான்.

அந்த ஷெட்டு யாருடையது என்று கேளுங்க. எங்களிடம் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தவளுடையது. துளசிமணி என்று பேர். அவளை ஒன்றும் சொல்லவில்லை நான். ஆனால் நினைத்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது. அவளை அல்ல, மொத்தத்தையும். இந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்ததையெல்லாம் நினைத்தால்... சீ.

எங்களுடையது குங்குமக் கம்பெனி. பேர் இப்போது எதற்கு, அது வேறொருத்தனுடையதாகிப் போய்விட்டது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இவர் மஞ்சள் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்னால் உரலைப் போட்டு ஆரம்பித்தார். மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, படிகாரம், வெண்காரம், அவ்வளவுதான். வேறு எதுவும் சேராது. நிழலில் காய வைத்து இடித்துச் சலிக்க வேண்டும். ஈரோட்டைச் சுற்றி எந்த அம்மன் கோயிலுக்குப் போனாலும் தட்டில் எங்கள் குங்குமம்தான் இருக்கும். சாமிக்குப் போகிற பொருள். அதனால்தான் நான் அவ்வளவு பயபக்தியாக இருப்பேன்.

துளசிமணி வரும்போது அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், சேலம் ரோட்டில் முடிந்துபோனான். வெறும் நெத்தியோடு வந்து நின்றாள். பாவம் என்று நான்தான் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சலிக்கிற வேலைக்குத்தான் வந்தாள். பிறகு கலக்கிறவள் பிரசவத்துக்குப் போனாள் என்று இவளைக் கலக்கச் சொன்னார்கள், அதோடு அந்த வேலை இவள் கையிலேயே நின்றுவிட்டது. அதில் ஒரு பக்குவம் இருக்கிறது. படிகாரம் கூடினால் நெத்தி அரிக்கும், குறைந்தால் நிறம் ஏறாது. ஒவ்வொரு கலவையையும் தன் முழங்கைக்குக் கீழே தேய்த்து அரைநாள் வைத்துப் பார்ப்பாள். நெத்தியில் வைக்க முடியாதவள் வேறெங்கே வைத்துப் பார்ப்பாள்? இருபத்துநாலு வருஷமாக அந்த இடது கை சிவந்துபோயே இருக்கும். சாப்பிட வந்து உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் முகத்தில் காட்டியதில்லை.

ஆடி முதல் வெள்ளிக்கு மட்டும் நான் போவேன். அன்றைக்குப் பூஜை போட்டு, வருஷத்தின் முதல் கலவை. முதல் கை நான்தான் வைப்பேன். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மூன்று கைப்பிடி மஞ்சள் போட்டுச் சாற்றை ஊற்றிக் கலப்பேன். அப்புறம் வருஷம் முழுக்க எனக்கு அங்கே வேலையில்லை. துளசிமணி அன்றைக்குப் பின்பக்கம், எலுமிச்சம்பழத் தோல் கொட்டுகிற இடத்தில் போய் நின்றுகொள்வாள். நானா போகச் சொன்னேன்? அவளாகவே போய்விடுவாள். ஒரே ஒரு வருஷம் உள்ளேயே நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அவளுக்கு இங்கிதம் உண்டு.

போன தை மாசம் இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் இனிமேல் அலையக் கூடாது என்றுவிட்டார். பையன் நவநீதன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போனிலேயே சொல்கிறான்: "அப்பா, நான் வந்து மஞ்ச இடிக்க முடியாதுங்ப்பா. ஒரு எக்ஸிட் பிளான் போட்டு வெளிய வந்துருங்க. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு, அனுப்பி வெக்கிறேன்." தொழிலை விட்டு வெளியே வருவதற்குக்கூட ஒரு திட்டம் போட்டுக் கொடுக்கிற ஆள் இருக்கிறாராம். அப்படி ஒரு பிழைப்பு.

வந்தார், ரகோத்தமன் என்று ஒருத்தர். வந்த நாளைப் பாருங்க, வெள்ளிக்கிழமை. வந்த நேரத்தைப் பாருங்க, விளக்கு வைத்து அஞ்சு நிமிஷம். சாக்ஸைக்கூடக் கழற்றாமல் பூஜை அறைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்: "சார், நீங்க நாளைக்கு இல்லைன்னு வெச்சுக்குங்க. இந்தக் கம்பெனி எத்தனை நாள் ஓடும்?"

காப்பித் தம்ளரை அவர் முன்னால் டக்கென்று வைத்தேன். அந்த மனுஷருக்கு ஒன்றுமில்லை. நெஞ்சில் கம்பி வைத்து மூன்று வாரம் ஆன ஆளிடம் கேட்கிற கேள்வியா அது? இவர் சிரிக்கிறார். "நான் இல்லைன்னா ஓடுமுங்க. துளசிமணி இல்லைன்னாத்தான் ஒரு வாரம் தாங்காது" என்கிறார்.

"அது யாருங்க சார்?"

"கலக்கறவங்க."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். முதல் கை வைக்கிறது நான் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

அந்த ரகோத்தமன் ஒரு தாளை எடுத்து வட்டம் போட ஆரம்பித்தார். தொழிலை விட மூன்று வழியாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒன்று, உள்ளேயே இருக்கிற ஆளுக்குக் கொடுப்பது ஒன்று, வெளியாருக்கு விற்பது ஒன்று. உள்ளேயே தெரிந்த ஆள் இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை என்றார். இவர் வட்டம் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே போய், அஞ்சாம் வருஷம் ஒரு புள்ளி. துளசிமணி வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்து தாளையே அடைத்துக்கொண்டது. நடுவில் எங்கேயாவது என் வட்டம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. நவநீதனுக்குக்கூட ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது.

காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் துளசிமணியை வீட்டுக்கு வரச் சொன்னார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். "உள்ள வந்து உட்காரு" என்றார். "இருக்கட்டுங்ண்ணா" என்றாள். விஷயத்தைச் சொன்னார். அவள் சொன்னாள்: "எனக்கெதுக்குங்ண்ணா. குங்குமக் கம்பெனிக்கு நான் முதலாளின்னா யாரு வாங்குவாங்க? ஊரு சிரிக்கும்."

பாருங்க, அவளுக்கே தெரிந்திருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. "இத்தனை வருஷம் வாங்கினவங்க உன்ற கையிலதான் வாங்கிப் பூசுனாங்க. இப்ப மட்டும் என்ன புதுசா ஊரு சிரிக்குது?" என்கிறார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, "அக்கா சரின்னு சொன்னா எனக்குச் சரிங்" என்றாள். என்னைப் பார்த்தாள். இவரும் பார்த்தார்.

நான் என்ன சொல்ல முடியும்? "சாமி விட்ட வழி" என்றேன். அதையே இரண்டு பேரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

நீங்களே சொல்லுங்க, கண்ணு. நான் மூடநம்பிக்கைக்காரி இல்லை. அவள் மாடாக உழைத்தாள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். தீபாவளிக்குத் தீபாவளி அவளுக்குச் சேலை எடுத்தது யார்? நான். நல்ல கலராகவே எடுப்பேன், அடர்த்தியான கலர் மட்டும் எடுக்க மாட்டேன். வேலை செய்வது வேறு. சுமங்கலிகள் நெத்தியில் வைக்கிற பொருளுக்கு அவளே சொந்தக்காரி என்றால் அது வேறு. முன்னாலேயும் எல்லோருக்கும் தெரியும்தானே என்கிறீர்களா? தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அதுதானே மரியாதை.

மனசு ஆறவில்லை. அடுத்த செவ்வாய் கோயிலுக்குப் போனேன். அங்கே நாச்சம்மா இருந்தாள். விளக்குப் பூஜை நடத்துகிறவள், புருஷனுக்குப் பூஜைச் சாமான் மொத்தக் கடை. சாமி சன்னதியில் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாச்சக்கா, எனக்காக ஒரு வேண்டுதல் வைங்க. எங்க குங்குமம் இனி தாலியறுத்தவ பேருல வரப்போகுது. சாமி குத்தம் ஆயிரக் கூடாதுன்னு வேண்டிக்குங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன், அம்மன் கேட்டுக்கொண்டிருந்தாள். நாச்சம்மாவும் யாரிடமும் பேச்சாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வந்த நூற்றெட்டுப் பேரிடமும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னாளாம், அவ்வளவுதான்.

அடுத்த பத்து நாளில் ஒன்பது கடைக்காரர்கள் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு கோயில் தர்மகர்த்தா வீடு தேடி வந்து, "தப்பா நெனைக்காதீங்க, பொம்பளைங்க சங்கடப்படறாங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். இவர் ஒவ்வொரு கடையாகப் போன் போட்டுப் பேசினார். "இத்தனை வருஷமா அதே கைதானுங்க" என்று சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகியது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ரகோத்தமன் வந்து தாளைத் திருப்பிப் போட்டார். உள் வழி அடைத்துவிட்டது சார், வெளியாருக்குத்தான் விற்க வேண்டும் என்றார். இவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் கிளப்பியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர் வாய் அப்படித்தான் என்றேன்.

வாங்க வந்தவன் பேர் விவேகன். ஓசூர்ப் பக்கம் கற்பூரம், ஊதுபத்தியெல்லாம் போடுகிற கம்பெனியாம். பெண் பார்க்க வருகிற மாதிரிதான், கண்ணு. வெட்கக்கேடு. ரகோத்தமன் முன்னாடியே வந்து எங்கெங்கே வெள்ளையடிக்க வேண்டும், எந்த மெஷினை முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வேலைக்காரப் பொம்பளைகளுக்கு ஒரே கலரில் சேலை. நான் கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டுக்கொண்டு நின்றேன். துளசிமணியை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான். வந்தவன் எதிரில் ஏதாவது பேச்சு வந்தால் அவளுக்குத்தானே அவமானம்.

அவன் செருப்புக் காலோடு கலவை அறைக்குள் போனான். விரலை எச்சில் தொட்டு, குங்குமத்தில் குத்தி, மோந்து பார்த்துவிட்டு, எங்கள் ஜன்னல் திரையில் துடைத்தான். அப்புறம் பையிலிருந்து ஏதோ தண்ணி எடுத்துக் கையில் ஊற்றிக்கொண்டான். எங்கள் கை அசுத்தம் போல. பஜ்ஜியை இரண்டு விரலால் பிழிந்து பேப்பரில் எண்ணெய் எடுத்துவிட்டுத் தின்றான். அந்தப் பேப்பரை என் கையில் கொடுத்தான்.

தின்றுகொண்டே கேட்டான்: "இந்த மிக்ஸிங் யாருடைய கை? அதுதானே இதுல முக்கியம்?"

இவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "முதல் கை நான்தாங்க வைப்பேன்."

பொய்யா அது? சொல்லுங்க. ஆடி முதல் வெள்ளிக்கு யார் வைக்கிறது?

அந்த விவேகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நெத்தி, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாவற்றையும் பார்த்தான். "அம்மா, உங்க போட்டோவைக் கவர்லயே போட்டுரலாமா?" என்றான். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஸ்டென்ட் வைத்ததிலிருந்தே அடிக்கடி காற்றாட வெளியே போவார், அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டூடியோவுக்குப் போய் அரக்குப் பட்டில் உட்கார்ந்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. பெண் சுபத்ரா போனில் பார்த்துவிட்டு, "அம்மா, அம்மன் மாதிரியே இருக்கீங்க" என்றாள்.

சித்திரையில் கையெழுத்து. குடும்பத்தில் எல்லோரும் போட வேண்டும் என்றார்கள். அஞ்சு வருஷத்துக்குக் குங்குமத் தொழிலில் எந்த வகையிலும் கலந்துகொள்ள மாட்டோம், அது நடக்கிற இடத்துக்குள் போகமாட்டோம் என்று எழுதியிருந்தது. என் பேருக்குத் தனியாக ஒரு பக்கமே போட்டிருந்தான் அந்த விவேகன். கைப்பக்குவம் தெரிந்தவள் நான்தான் என்று நம்பிவிட்டானே. இவர், நவநீதன், நான், மூன்று பேரும் போட்டோம். துளசிமணியிடம் யாரும் கேட்கவில்லை. கூலிக்காரியிடம் யார் கையெழுத்து வாங்குகிறார்கள்? ரகோத்தமன்தான் கடைசியில், "சார், அன்னைக்குச் சொன்னீங்களே, அந்தம்மா..." என்று இழுத்தார். இவர், "அவங்க பேரு எதுலயும் வர வேண்டாமுன்னு ஊரே சொல்லிருச்சுங்களே. இதுலயும் வேண்டாம்" என்றார். அதில் ஏதோ சிரிப்பு இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் அசிங்கம். கையில் கலக்குவதை நிறுத்தினான். முப்பது பொம்பளைகளையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டான், துளசிமணியையும் சேர்த்து. எலுமிச்சம்பழம் கிடையாது, மஞ்சள்கூட எவ்வளவு இருக்கிறதோ தெரியாது. மாவில் சாயப்பொடி. என் முகத்தைப் போட்டு அடித்து மாவட்டம் முழுக்க அனுப்பிவிட்டான். ஆடி மாசம் நானே வாங்கி வைத்துப் பார்த்தேன். சாயந்திரத்துக்குள் நெத்தி கொப்பளித்துவிட்டது. மருமகள் வந்தவள் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க முகத்துல உங்க முகமே ஒத்துக்கலைங்களா" என்று கேட்டாள். கிண்டல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது எங்கே போனாலும் என் முகம்தான். கோயில் வாசல் குப்பையில் என் முகம். மழைத் தண்ணியில் சிவப்பாகக் கரைந்து சாக்கடையில் போகிறது. போன மாசம் ஒரு ஆடு என்னை மென்றுகொண்டு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். கடையில் ஒருத்தி கவரைக் காட்டி, "இந்தப் பொம்பளையை நம்பித்தானே வாங்குனேன், புள்ளை நெத்தியெல்லாம் புண்ணு" என்று திட்டுகிறாள். பக்கத்தில் நான் தேங்காய் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு என் நெத்தியில் இருப்பது என்ன தெரியுமா? ஸ்டிக்கர். குங்குமக் கம்பெனிக்காரி ஸ்டிக்கர் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

துளசிமணி என்ன செய்தாள் என்றால், பன்னிரண்டு பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டாள். தம்பி தோட்டத்தில் தகர ஷெட்டு இருந்தது, அதில் ஆரம்பித்துவிட்டாள். பழைய மாதிரியே, அதே மஞ்சள், அதே பழச்சாறு. அந்த விவேகன் வக்கீலை வைத்துப் பார்த்தான். எதில் பிடிப்பான்? அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே. விஷயம் தெரிந்த அன்றைக்கு இவர் தை மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக இரண்டாம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைக்காரர்கள்? வாங்குகிறார்கள், கண்ணு. புண்ணு வந்தால் எல்லாச் சாஸ்திரமும் போய்விடும் போல. அந்தத் தர்மகர்த்தாவே ஆளனுப்பி வாங்குகிறாராம், பேர் போடாத கவரில். மனுஷர்கள் இவ்வளவுதான். சீச்சீ.

சரி, எதற்கு வீட்டை விட்டுப் போனார் என்றுதானே கேட்டீர்கள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். அங்கே நாச்சம்மா இவரிடம், "உங்க சம்சாரம் மாதிரி ஒரு பக்திமான் கிடையாதுங்க, அன்னைக்கு சன்னதியில குங்குமத்துக்காக எப்படி அழுதாங்க" என்று புகழ்ந்து சொன்னாளாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்புள்ள, நாச்சம்மாகிட்ட நீதான் சொன்னியா?"

"வேண்டிக்கத்தானுங்க சொன்னேன்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. நாலு சட்டை, மாத்திரை டப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டினாரா? இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நான் அழுதிருப்பேன், சரியாகியிருக்கும். யாராவது ஏதாவது செய்து வைத்திருப்பார்களோ என்று மந்திரிக்கக்கூடக் கேட்டு வந்தேன். அந்த ஷெட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாராம். உள்ளே போவதில்லை. "கையெழுத்துப் போட்டா போட்டதுதான். சும்மா உட்காரக் கூடாதுன்னு அதுல எழுதலை" என்று நவநீதனிடம் சொல்லியிருக்கிறார். உள்ளேயிருந்து யாராவது சந்தேகம் கேட்டால், பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சொல்லுவாராம். என்ன கண்றாவி இது. எழுபது வயசில்.

தப்பாக நான் நினைக்கவில்லை. நினைத்தால் நாக்கில் புழு வைக்கும். ஆனால் ஊர் நினைக்காதா?

சாந்திக்கு வருவீர்களா மாட்டீர்களா என்று நவநீதனை விட்டுக் கேட்கச் சொன்னேன். பதில் சொல்லியனுப்பினார்: "வர்றேன். முதல் பத்திரிகையை உங்கம்மா வந்து துளசிமணிக்கு வெக்கட்டும். தட்டோட, குங்குமத்தோட. வெச்சா அன்னைக்கே கூட வந்துர்றேன். வெக்காட்டி திருக்கடையூருக்கு அவ தனியாப் போயிட்டு வரட்டும்."

என்னைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா, கண்ணு? பத்திரிகை வைப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வைக்கும்போது குங்குமச் சிமிழை நீட்ட வேண்டும். அவளிடம் எப்படி நீட்டுவது? நீட்டாமல் வைத்தால் இவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நீட்டினால் அவள் எடுப்பாளா? எடுத்து எங்கே வைத்துக்கொள்வாள்? நேற்றெல்லாம் இதே யோசனை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அம்பத்தெட்டுப் பத்திரிகையில் பேர் எழுதிவிட்டேன். இந்த ஒன்றில் மட்டும் எழுத வரவில்லை.

சிமிழில் போடக் குங்குமம் வேண்டுமே என்று பார்த்தால், வீட்டில் இருப்பது அந்தச் சாயப்பொடி. பழைய டப்பாவைச் சுரண்டி ஒரு சிட்டிகை எடுத்திருக்கிறேன். அதுவும் அவள் கலந்ததுதான், என்ன செய்வது.

காலையில் ஷெட்டுக்குப் போன் போட்டேன், வருகிறேன் என்று சொல்ல. அவள்தான் எடுத்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "வாங்கக்கா, வாங்க. அண்ணன் வெளியதான் உட்கார்ந்திருக்காருங். இன்னைக்குப் பெரிய கலவைங்க, கையை நடுவுல எடுக்க முடியாது. நீங்களும் உள்ள வந்தா வம்புங், கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அந்த ஓசூர்க்காரன் ஆளு விட்டு வேவு பார்க்கிறான். அண்ணன் பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு சேரு போடச் சொல்றேங். சித்த நேரம் உட்கார்ந்திருங்க, முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றாள். எகத்தாளம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை, கண்ணு. இருந்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

என்ன? இதுதான் பிரிவா? கண்டக்டரைப் பாருங்க, இப்போதுகூட ஒயரைக் கழற்றவில்லை. இருங்க, பையை எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் பேனா இருக்கிறதா? ஒரு நிமிஷம் கொடுங்க. வண்டி ஆடுகிறது, நிற்கட்டும். து... ள... சி... இந்தாங்க பேனா. எழுத்து கோணலாக வந்திருக்கிறது, பரவாயில்லை.

வருகிறேன், கண்ணு. பெரிய கலவை என்றால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும், எனக்குத் தெரியும். அவள் கலந்து, கையில் தேய்த்துப் பார்த்து, கழுவிக்கொண்டு வெளியே வரட்டும். அதுவரைக்கும் நான் வெளியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.